வக்கீல் பார்க்கும் படலம்

ரெனீட்டா லெஃப்டினன்ட்டைத் தள்ளினாள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

'நான்தான் தள்ளினேன். காரணம் சொல்ல ஒன்றுமில்லை.' வாக்குமூலம் அவ்வளவுதான். இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று புலனாய்வுக்காரர் கேட்டாராம். வேண்டாம் என்றாளாம்.

கீழே விழுந்ததில் லெஃப்டினன்ட் ஹாக்கெட்டுக்கு மணிக்கட்டு உடைந்தது. மேலதிகாரி மேல் கை வைத்தால் பட்டாளத்தில் என்ன ஆகும் என்பது இப்போது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இராணுவ நீதிமன்றம். தோற்றால் பத்து வருடம் வரை சிறை. சீருடையும் போகும்.

மீதிக் கதை எங்களில் சிலருக்குத்தான் தெரியும். வண்டிகள் நிறுத்தும் மைதானத்தில் அன்று ஒரு ஐந்து டன் லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. லெஃப்டினன்ட் அதற்கு முதுகைக் காட்டி நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்திக் கூப்பிட நேரம் இல்லை. தள்ளினாள். சற்று முன்தான் அவர் அவளை எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தார். அதனால் பார்த்தவர்கள் தங்களுக்குத் தோன்றியதைப் பார்த்தார்கள்.

லாரி விஷயத்தை அவள் இரண்டு பேரிடம்தான் சொல்லியிருந்தாள். ஒருவர் அவள் அம்மா ஒடெஸ்ஸா; எங்கள் பக்கத்து மரியாதையில் மிஸ் ஒடெஸ்ஸா. இன்னொருவன் நான். அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அப்பா லூஷியஸ் டாலிவர், முப்பது வருடம் பட்டாளத்தில் இருந்து கமாண்ட் சார்ஜென்ட் மேஜராக ஓய்வு பெற்றவர். கடைத்தெருவில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் அவர் சார்ஜென்ட் மேஜர்தான். 'ஏன் செய்தாய்' என்ற கேள்விக்குப் பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கற்றுக்கொடுக்கும் பதில் ஒன்றே ஒன்று. காரணம் சொல்ல ஒன்றுமில்லை, ஐயா. அவர் வீட்டிலும் அதே சட்டம். பால் கொட்டினாலும், பரீட்சையில் கோட்டை விட்டாலும், காரை மரத்தில் இடித்தாலும் அந்த ஒரு பதில்தான். வேறு எதைச் சொன்னாலும் அவர் கணக்கில் அது சாக்கு.

செய்தி வந்த அன்று மகளை நிற்க வைத்துக் கேட்டார். தள்ளினாயா என்றார். தள்ளினேன் என்றாள். காரணம் என்றார். காரணம் சொல்ல ஒன்றுமில்லை, சார்ஜென்ட் மேஜர் என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மகள் சிறைக்குப் போகப் போகிறாள், அவர் முகத்தில் பெருமை. பக்கத்தில் நின்று நான் அதைப் பார்த்தேன்.

என் பெயர் டெஸ்மண்ட். இந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை. என் மனைவி லொரேன் இறந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு இன்னும் இங்கேதான் வருகிறேன். வராதே என்று யாரும் சொல்லவில்லை. கார் ஓட்ட ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். லொரேனின் கார்தான்.

இந்த வியாழக்கிழமையும் கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலை ரெனீட்டா நீதிபதி முன் நிற்க வேண்டும். உன் வக்கீல் யார் என்று அவர் கேட்பார். பட்டாளமே ஒரு வக்கீலை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. வெளியிலிருந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெயரை நாளைக்குச் சொல்லியாக வேண்டும்.

நான் போனபோது சார்ஜென்ட் மேஜர் சமையலறையில் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சட்டையின் மடிப்பில் கை வைத்தால் வெட்டும் போலிருந்தது. மிஸ் ஒடெஸ்ஸா எனக்குச் சோள ரவைக் கஞ்சியும் முட்டையும் வைத்துவிட்டு, எலுமிச்சை கேக் ஒன்றை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தார். வக்கீல்களுக்காம். கேக்கை ஒரு மனுஷன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று பார்த்தாலே ஆளை எடை போட்டுவிடலாம் என்பது அவர் கட்சி. காலணியைப் பார்த்தால் போதும் என்பது சார்ஜென்ட் மேஜரின் கட்சி.

ரெனீட்டா சீருடையில் இறங்கி வந்தாள். வக்கீலைப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். தன்னுடைய வக்கீலைப் பற்றித் தன்னை யாரும் எதுவும் கேட்கவில்லையே என்று என் காதோரம் முணுமுணுத்தாள். சாப்பிடு என்றேன்.

முதலில் கர்னல் பிரெஸ்காட்.

அவரை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. முகாம் வாசலுக்கு எதிரே பெரிய விளம்பரப் பலகையில் சீருடையோடு சிரிப்பார். 'உங்கள் பக்கம் ஒரு கர்னல்' என்று கீழே எழுதியிருக்கும். அவர் அலுவலகத்தில் தோல் நாற்காலிகள், ஒரு பெரிய கொடி, கண்ணாடிப் பெட்டி நிறையப் படைப்பிரிவு நாணயங்கள். தளபதிகள் கை குலுக்கும்போது உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பார்களே, அந்த நாணயங்கள்.

சார்ஜென்ட் மேஜர் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கர்னல் சிரித்துக்கொண்டே அவருடையதை வைத்தார். அப்புறம் இருவரும் பழைய பாலைவனப் போருக்குப் போய்விட்டார்கள். எந்த வருடம் எந்தப் படை எந்த மேட்டைப் பிடித்தது, எந்த ஜெனரல் கூடாரத்தில் குளிர்சாதனம் இருந்தது என்று பேச்சு நீண்டது. மிஸ் ஒடெஸ்ஸா கேக் வெட்டி வைத்தார். கர்னல் நன்றி சொல்லி, அதன் மேலேயே ஒரு ஃபைலை வைத்தார்.

வழக்குக்கு ஒருவழியாக வந்தார். வாக்குமூலத்தைப் படித்தார். எழுதியாயிற்று, இனி அடித்துப் பேச ஒன்றுமில்லை என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம். ஜெனரலின் அலுவலகத்தில் தனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சிறையைக் குறைத்து, முடிந்தால் தவிர்த்து, சத்தமில்லாமல் பெண்ணை வெளியே கொண்டுவந்துவிடலாம். வழக்கை நடத்தாமல் முடிப்பதில்தான் திறமை இருக்கிறது.

ரெனீட்டா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீ பேச வேண்டிய நேரம் வரும்போது நானே சொல்றேம்மா," என்றார் கர்னல்.

காரில் ஏறியதும் சார்ஜென்ட் மேஜருக்கு ஒரே திருப்தி. நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தார் பார்த்தாயா, முதுகு சாயவே இல்லை என்றார். மிஸ் ஒடெஸ்ஸா கேக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"அவர் என்னை ஒரு தடவைகூடப் பாக்கலப்பா," என்றாள் ரெனீட்டா.

"உன்னைப் பாக்கவா அவருக்கு ஃபீஸ் குடுக்கறோம்?"

"பின்ன, உங்களைப் பாக்கவா?"

கண்ணாடியில் ரெனீட்டாவின் முகம் தெரிந்தது. அவள் அக்கா லொரேனுக்கும் கோபம் வந்தால் மூக்கு நுனிதான் முதலில் சிவக்கும். நான் சாலையைப் பார்த்தேன்.

மிஸ் ஒடெஸ்ஸா மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். சொல்லிவிடட்டுமா என்ற பார்வை. ரெனீட்டா தலையை அசைத்தாள். வேண்டாம். அவள் ஏன் அப்படிப் பயப்படுகிறாள் என்று நான் போன வாரமே கேட்டிருந்தேன். லாரி என்று சொல்லி, அதை அப்பாவே சாக்கு என்று தள்ளிவிட்டால், அப்புறம் முன்பின் தெரியாத அதிகாரிகள் எப்படி நம்புவார்கள் என்றாள். அதை அவர் வாயால் கேட்காமல் இருப்பதே மேல்.

அடுத்தது முகாமுக்குள். இலவச வக்கீல் கேப்டன் விட்லோ.

குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் பட்டாள வக்கீல்களுக்கு அங்கே ஒரு தகரக் கொட்டகை. முகாம் தளபதிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, அவர்களுக்கு மேலதிகாரிகள் வேறு ஊரில். அதனாலேயே சார்ஜென்ட் மேஜருக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. பதவியில் இருந்தவரை 'அந்தக் கொட்டகைப் பசங்க' என்றுதான் சொல்வார். இவர் கஷ்டப்பட்டு ஒருவனை நீதிமன்றம் வரை இழுத்துக்கொண்டு வருவார். கொட்டகைப் பசங்க அவனைக் காப்பாற்றிக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

கேப்டனுக்கு முப்பது வயது இருக்கலாம். பெயர்ப் பட்டை கோணலாக இருந்தது. பூட்ஸைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். சார்ஜென்ட் மேஜர் அதைப் பார்த்த பார்வையில் எனக்கே காலை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. கேப்டன் கேக்கைப் பார்த்ததும் காலையில் சாப்பிடவில்லை என்று ஒப்புக்கொண்டு இரண்டு துண்டு எடுத்தார். மிஸ் ஒடெஸ்ஸாவின் முகம் மலர்ந்தது.

ரெனீட்டாவோடு தனியாகப் பேசினால் நல்லது என்று கேப்டன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சார்ஜென்ட் மேஜர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மனிதர் மறைக்கவில்லை. தான் நடத்திய பெரிய வழக்குகள் மூன்று, ஜெயித்தது ஒன்று என்றார். இவ்வளவு கடுமையான குற்றச்சாட்டுக்கு அனுபவம் உள்ள ஒருவர் முன்னால் நிற்பது நல்லது, தான் பக்கத்தில் இருந்து உழைக்கத் தயார் என்றார். கட்டணம் வேண்டாம். கேக் போதும்.

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு ரெனீட்டாவைப் பார்த்துச் சொன்னார்.

"யாரை வைக்கறதுங்கறது அப்புறம். மன்னிப்புக் கேக்கப் போறீங்களா, சண்டை போடப் போறீங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க கார்ப்பரல். அதுக்கு ஒரு மாதிரி வக்கீல், இதுக்கு வேற மாதிரி வக்கீல்."

சார்ஜென்ட் மேஜர்தான் பதில் சொன்னார். "தள்ளினா. ஒத்துக்கிட்டா. சண்டை போட என்ன இருக்கு?"

மிஸ் ஒடெஸ்ஸா கேக் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார்.

"லாரி இருக்கு, லூஷியஸ்."

"அம்மா," என்றாள் ரெனீட்டா.

"போதும்டி. சத்தியத்தைப் பத்தி நான் சாமிகிட்ட பேசிக்கறேன். அந்த ஆளு பின்னாடி லாரி வந்துது. இவ தள்ளலேன்னா இப்ப அவருக்குக் கட்டுப் போட மணிக்கட்டே இருந்திருக்காது. முழு ஆளே இருந்திருக்க மாட்டாரு."

வீட்டார் முன்னால் பேசினால் அது வழக்கு ரகசியமாக நிற்காது என்று கேப்டன் கையைத் தூக்கினார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

சார்ஜென்ட் மேஜர் மகள் பக்கம் திரும்பினார். அவர் இவ்வளவு மெதுவாகத் திரும்பி நான் பார்த்ததில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

ரெனீட்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளையும் மீறி அது வாயில் வந்துவிட்டது.

"காரணம் சொல்ல ஒண்ணுமில்ல, சார்ஜென்ட் மேஜர்."

கேப்டனுக்குக் கேக் தொண்டையில் மாட்டிக்கொண்டது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

சார்ஜென்ட் மேஜர் மேசையில் கிடந்த வாக்குமூலத்தை எடுத்தார். இரண்டே வரி. எத்தனை தடவை படித்தார் என்று தெரியவில்லை. முன்பு இதைப் படித்தபோது, என் பெண் எப்படி எழுதியிருக்கிறாள் பார் என்று என்னிடம் காட்டியவர் அவர்.

காகிதத்தை வைத்துவிட்டு எழுந்தார். தொப்பியை எடுத்தார். மறுபடி உட்கார்ந்தார்.

சண்டை போடுகிற வக்கீல் வேண்டும் என்றார். கர்னல் வேண்டாம். யார் நன்றாகச் சண்டை போடுவார்கள் என்று கேப்டனைக் கேட்டார். கேப்டன் ஊருக்குப் புதிது. பெயர்களைத் தேடிப் பார்த்துச் சாயங்காலம் சொல்வதாகச் சொன்னார்.

"அவரை ஏன் கேக்கறீங்க?" என்றார் மிஸ் ஒடெஸ்ஸா. "முப்பது வருஷம் எதிர்ப் பக்கம் உக்காந்திருந்தது நீங்க. எந்த வக்கீல் எழுந்து நின்னா உங்களுக்கு வயித்தைக் கலக்கும்?"

சார்ஜென்ட் மேஜர் சுவரைப் பார்த்தார்.

அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். அந்தப் பெயரை அந்த வீட்டில் சாதாரணமாக உச்சரிப்பதில்லை. கான்ஸ்டன்ஸ் பீபிள்ஸ். ஒரு காலத்தில் இதே கொட்டகையில் கேப்டனாக இருந்தவர். சார்ஜென்ட் மேஜரின் படைப்பிரிவுப் பையன் ஒருவன் மேல் திருட்டு வழக்கு. பையன்தான் திருடன் என்பதில் இவருக்குச் சந்தேகமே இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறினார். பீபிள்ஸ் அரை நாள் அவரைக் கேள்வி கேட்டார். இறங்கும்போது அவர் சட்டை நனைந்திருந்ததாம். பையன் விடுதலை. அதற்கப்புறம் நன்றித் திருநாளில் வான்கோழி தீய்ந்தாலும், மழையில் கூரை ஒழுகினாலும் அது பீபிள்ஸின் வேலைதான். லொரேன் கல்யாணத்துக்கு முன்பே எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், அப்பா முன்னால் அந்தப் பெயரைச் சொல்லாதே. மிஸ் ஒடெஸ்ஸா இப்போது அதைச் சத்தமாகவே சொன்னார்.

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்றார் கேப்டன்.

"மேக்குச் சாலை," என்றார் சார்ஜென்ட் மேஜர். "முடி வெட்டற கடைக்கும் நகத்துக்குச் சாயம் பூசற கடைக்கும் நடுவுல."

இத்தனை வருடமும் விலாசத்தை மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

அங்கே முன்பு வறுத்த கோழி விற்ற கடை. வெயில் ஏறினால் இன்னும் மசாலா வாசனை வரும். உள்ளே நாணயமும் இல்லை, கொடியும் இல்லை. கோப்புகள் மலையாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள், ஒரு முழங்காலில் கட்டு, கால்களில் ரப்பர் செருப்பு. காலணியைப் பார்க்கப் போன சார்ஜென்ட் மேஜரின் கண் செருப்பில் நின்று, அவசரமாகக் கூரைக்குப் போனது.

மிஸ் பீபிள்ஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"சார்ஜென்ட் மேஜர் டாலிவர்," என்றார். "யாரோ செத்துட்டாங்க, இல்ல யாரோ பிடிபட்டுட்டாங்க."

"என் மகள், மேடம்."

"உக்காருங்க."

அவர் நின்றுகொண்டே இருந்தார். நின்றபடியே சொன்னார். குற்றச்சாட்டு, வாக்குமூலம், நாளைக் காலை நீதிபதி. லாரி என்ற இடம் வந்ததும் குரல் கொஞ்சம் தடுக்கியது. பல வழக்குகளில் பல வக்கீல்களைப் பார்த்துவிட்டதாகவும், தன்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒருவர்தான் என்றும், அதனால்தான் வந்திருப்பதாகவும் சொன்னார். கணவர் வாயிலிருந்து வந்த மிகப் பெரிய புகழ்ச்சி அதுதான் என்று மிஸ் ஒடெஸ்ஸா பின்னால் என்னிடம் சொன்னார். அவருக்கேகூட இவ்வளவு கிடைத்ததில்லையாம்.

மிஸ் பீபிள்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கதவைக் காட்டினார்.

"நல்லாச் சொன்னீங்க. இப்ப வெளிய போங்க. எனக்குக் கட்சிக்காரி இந்தப் பொண்ணு. அப்பாவோட நான் பேசறதில்ல."

முப்பது வருடம் பிறரை வெளியே போகச் சொன்னவர், தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வாசலில் ஒரு பெஞ்சு. நகக் கடைப் பெண்கள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் காலணியின் பளபளப்பில் தெரு தெரிந்தது. மிஸ் ஒடெஸ்ஸா அந்த நகக் கடைக்குள் போய் நகத்துக்குச் சாயம் பூசிக்கொள்ள உட்கார்ந்துவிட்டார். கவலைப்படுவதை எங்கே உட்கார்ந்து பட்டால் என்ன என்றார்.

நானும் சார்ஜென்ட் மேஜரும் பெஞ்சில் இருந்தோம். அவர் கேட்டார், உனக்குத் தெரியுமா லாரி விஷயம் என்று. தெரியும் என்றேன். லொரேனாக இருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாளா என்றார். சொல்லியிருப்பாள், உங்கள் சட்டத்தை அவள் ஒரு நாளும் மதித்ததில்லை என்றேன். அவர் சிரித்தார். அவள் பெயரைச் சொல்லி எங்களில் யாரும் சிரித்து நாளாகிவிட்டது. எனக்கும் ஏதோ வந்தது. அது சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.

கதவு திறந்தது. எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். மிஸ் ஒடெஸ்ஸா ஈர நகங்களை விரித்தபடி ஓடி வந்தார்.

ரெனீட்டாவின் முகம் கழுவிவிட்டது போல இருந்தது. அவளே சொன்னாள், மிஸ் பீபிள்ஸ் முன்னால் நிற்பார், கேப்டன் விட்லோ பக்கத்தில் இருப்பார். முடிவு தன்னுடையது. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று அப்பாவை நேராகப் பார்த்துக் கேட்டாள். இல்லை என்றார்.

மிஸ் பீபிள்ஸ் கை தூக்கினார். ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது.

வாக்குமூலம்தான் இந்த வழக்கின் கழுத்தில் கட்டிய கல் என்றார். ஒரு மனுஷி உயிரைக் காப்பாற்றிவிட்டு அதைச் சொல்லாமல் வருவாளா என்று எதிர்ப் பக்கம் கேட்கும். நம்ப முடியாத கதை. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தால் சொல்லமாட்டாள் என்று யாராவது சத்தியம் செய்து சொல்ல வேண்டும். அந்த வீட்டுச் சட்டத்தைப் போட்டவர் சொன்னால் நம்புவார்கள்.

சார்ஜென்ட் மேஜருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"சாட்சிக் கூண்டா?"

"அதேதான்."

"கேள்வி கேக்கப் போறது?"

"நான்தான்," என்றார் மிஸ் பீபிள்ஸ். சந்தோஷத்தை மறைக்க அவர் பெரிய முயற்சி எதுவும் செய்யவில்லை. "ஒத்திகை பாத்துடலாமா? இந்தப் பொண்ணு லெஃப்டினன்ட்டைத் தள்ளினதா கேள்விப்பட்டீங்க. ஏன் தள்ளினேன்னு அதுக்கு மேல நீங்க ஏன் கேக்கல?"

"காரணம் சொல்ல ஒண்ணுமில்ல, மேடம்."

"அந்தப் பதில் என்கிட்ட செல்லாது. திரும்பக் கேக்கறேன். ஏன் கேக்கல?"

அவர் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தார். ரெனீட்டா தரையைப் பார்த்தாள். மிஸ் ஒடெஸ்ஸா ஈர நகங்களோடு அப்படியே நின்றார்.

"பயம்," என்றார் கடைசியில். "காரணமே இல்லாம செஞ்சிருப்பாளோன்னு பயம். கேட்டு, இல்லேன்னு அவ சொல்லிட்டா, அப்புறம் என்னால தாங்க முடியாது. அந்தச் சட்டம் எனக்குச் சௌகரியமா இருந்துது. அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்."

பக்கத்துக் கடையில் முடி வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது சாக்கு மாதிரி இருக்கே, சார்ஜென்ட் மேஜர்," என்றாள் ரெனீட்டா. சொல்லிவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சட்டை கசங்கியது. அவர் அதை நீவிவிடவில்லை.

"இதை அப்படியே அங்க சொல்லுங்க," என்றார் மிஸ் பீபிள்ஸ். "ஒரு வார்த்தையும் மாத்தாதீங்க."

அப்போது ரெனீட்டாவின் கைபேசி அதிர்ந்தது. வண்டி மைதானத்தில் வேலை செய்யும் அவள் சிநேகிதி டெலியா. படித்துவிட்டு வக்கீலிடம் நீட்டினாள். கலிஃபோர்னியாவில் நடக்கும் போர்ப் பயிற்சிக்கு முகாமின் வண்டிகள் விடியற்காலையில் ரயில் ஏறுகின்றன. அந்த ஐந்து டன் லாரியும் வரிசையில் நிற்கிறது.

மிஸ் பீபிள்ஸின் முகம் மாறியது. அந்த லாரி பின்னோக்கி வரும்போது ஒலிக்க வேண்டிய மணி அன்று ஒலிக்கவில்லை என்று ரெனீட்டா சற்று முன்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். லெஃப்டினன்ட் திரும்பிப் பார்க்காததற்கு அதுதான் காரணம். லாரி இங்கே இருந்தால் அதைச் சோதிக்கலாம். போய்விட்டால், வழியில் யாராவது பழுது பார்த்துவிட்டால், மிச்சம் ரெனீட்டாவின் வாய்ச் சொல் மட்டும்தான்.

லாரியை நிறுத்தி வைக்கச் சொல்லி இன்றைக்கே எழுத்தில் கேட்பேன் என்றார். ஆனால் அந்தக் காகிதம் மேசை மேசையாகப் போய்ச் சேருவதற்குள் ரயில் இரண்டு மாநிலம் தாண்டியிருக்கும்.

"சார்ஜென்ட் மேஜர், உங்க முகாம் உங்களுக்குத் தெரியும். முறைப்படி கேட்டா, ஒரு லாரியை மட்டும் ரயில் ஏத்தாம நிறுத்தி வைக்கற அதிகாரம் யாருக்கு இருக்கு?"

சார்ஜென்ட் மேஜர் தொப்பியைத் தலையில் வைத்தார். காலையிலிருந்து முதல் முறையாக அவருக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்டிருக்கிறார்.

"மாஸ்டர் சார்ஜென்ட் கோல்ஸ். ரயில் ஏத்தற இடம் முழுக்க அவன் பொறுப்பு. அவன் தலையாட்டாம ஒரு சக்கரம் நகராது."

"போன் பண்ணுங்க."

"பண்ணினா எடுக்க மாட்டான். நேர்ல போனாலும் கதவைச் சாத்திக்குவான்."

"ஏன்?"

அவர் வாய் பழைய பதிலுக்குத் தயாரானது. உதடு குவிந்ததை நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தோம். மிஸ் ஒடெஸ்ஸா ஒரு புருவத்தை உயர்த்தினார்.

சார்ஜென்ட் மேஜர் டாலிவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த அலுவலகத்தில் முதல் முறையாக உட்கார்ந்தார்.

"அதுக்கு ஒரு காரணம் இருக்கு," என்றார்.